கஞ்சிக் கதையை முழுசாச் சொல்லுவோமா?

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, ப்ராக்டிஸ் முடிஞ்ச கையோட வந்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கச்சிகளே, அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கிற பெற்றோர்களே, வணக்கம். ஒரு வீரரை உச்சத்துக்குக் கொண்டு போறது களத்து அனுபவமா, கல்லூரிப் படிப்பா? விளையாட்டு அறிவியல் படிப்புதான்னு பேச வந்திருக்கேன்.

எழுதிட்டு வந்த குறிப்பை மடிச்சு வச்சிடறேன். எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு போடு போட்டுட்டுப் போனார், அரங்கமே கைதட்டுச்சு. "பி.டி. உஷா கஞ்சி குடிச்சுட்டு ஒலிம்பிக்ல ஓடினாங்க. நீங்க பட்டம் வாங்கிட்டு ஓரமா நின்னு ஸ்டாப்வாட்ச் பிடிப்பீங்க"ன்னார். இதுக்குப் பதில் சொல்லாம நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அண்ணே, அந்தக் கஞ்சிக் கதையை முழுசாச் சொல்லுவோமா?

1984, ஆகஸ்ட் 8. லாஸ் ஏஞ்சலஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். ஒலிம்பிக்ல அந்தப் போட்டியை வச்சதே அந்த வருஷம்தான். அரையிறுதியில 55.54 நொடியில முதலாவதா வந்து நிக்கிறாங்க கேரளத்துப் பய்யோளி ஊர்ப் பொண்ணு, நம்ம உஷா. இறுதி ஓட்டம். மொராக்கோவோட நவால் 54.61, தங்கம். அமெரிக்காவோட ஜூடி பிரவுன் 55.20, வெள்ளி. ருமேனியாவோட கோஜோகாரு 55.41, வெண்கலம். உஷா? 55.42.

இன்னொரு தரம் சொல்றேன், மெதுவாக் கேளுங்க. 55.41. 55.42. நூறுல ஒரு நொடி! 400 மீட்டரை 55.42 நொடியில ஓடினா ஒரு நொடிக்குச் சராசரியா 7.2 மீட்டர். நூறுல ஒரு நொடிக்கு 7 சென்டிமீட்டர். ஒலிம்பிக் மெடல் போன தூரம் நம்ம சுண்டுவிரல் நீளம்தாங்க!

அந்த 7 சென்டிமீட்டர் எங்கே போச்சு? உஷாவே பேட்டியில சொல்லியிருக்காங்க. அங்கே அமெரிக்கச் சாப்பாடுதான் கிடைக்கும்னு யாரும் முன்கூட்டிச் சொல்லலை. வேற வழியில்லாம அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டேன். கடைசி 35 மீட்டர்ல சக்தியைத் தக்க வைக்க முடியலைன்னு. இந்த ஓட்டத்துல பத்தாவது தடையைத் தாண்டினா கோட்டுக்கு மிச்சம் 40 மீட்டர். எல்லாத் தடையும் தாண்டியாச்சு, வெறும் தரைதான் பாக்கி. அங்கேதான் உடம்பு கைவிட்டிருக்கு.

நீங்க பெருமையாச் சொன்ன கஞ்சி, அண்ணே, அவங்க வருத்தத்தோட சொன்ன கஞ்சி.

கஞ்சியை நான் பழிக்கலை. கணக்கைப் பாருங்க. ஒரு கிண்ணம் கஞ்சியில 50 கிராம் அரிசி போட்டா மாவுச்சத்து 40 கிராம், புரதம் 4 கிராமுக்குள்ள. 55 கிலோ எடையுள்ள ஒரு ஓட்டக்காரிக்குக் கடும் பயிற்சி நாள்ல கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேணும். குறைஞ்சது 275 கிராம். அப்படின்னா ஏழு கிண்ணம் கஞ்சி! கிலோவுக்கு 1.6 கிராம்னு புரதம் 88 கிராம். அதை ஊறுகாயில தேட முடியாது. 55 நொடி ஓட்டம் ஒண்ணு மட்டும் கிளைகோஜனை, அதாவது தசையில சேமிச்சு வச்சிருக்கிற மாவுச்சத்தை, காலி பண்ணிடாது, உண்மைதான். ஆனா ஹீட்ஸ்ங்கிற முதல் சுற்று, அரையிறுதி, இறுதின்னு ரவுண்டு ரவுண்டா ஓடும்போது நடுவுல நிரப்பலைன்னா இருப்பு இறங்கிக்கிட்டே வரும். கூட ஒரு விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர் போயிருந்தா என்ன செய்திருப்பார்? கிளம்புறதுக்கு முன்னாடியே அங்கத்து மெனுவை வாங்கியிருப்பார். பழகாத சாப்பாட்டை வீட்டிலேயே பழக்கியிருப்பார். கஞ்சியோட முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பால்னு சேர்த்து மணிக்கணக்குப்படி கொடுத்திருப்பார். "கஞ்சி குடிச்ச உஷா பக்கத்துல எந்தப் பட்டதாரி இருந்தான்"னு கேட்டீங்களே, சாப்பாட்டைப் பார்த்துக்க அப்படி யாரும் இருந்த மாதிரி தெரியலைண்ணே! என் வாதமே அதுதான்!

உஷாவோட பயிற்சியாளர் நம்பியாரை நான் கையெடுத்துக் கும்பிடறேன். அந்த ஓட்டத்தை உருவாக்கினவர் அவர். ஆனா ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறது, சாப்பாட்டுக் கணக்கு, ரத்தப் பரிசோதனை, வீடியோ அலசல் எல்லாத்தையும் ஒரே மனுஷன் தலையில கட்டுறது நியாயமா?

அடுத்தது ஸ்டாப்வாட்ச். கையால நேரம் எடுத்தா துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அழுத்துறதுக்குள்ள தாமதம் ஆயிடும். அதனாலதான் 400 மீட்டர் கைநேரத்தோட 0.14 நொடி கூட்டி மின்னணு நேரத்துக்கு மாத்துற வழக்கமே வந்துச்சு. நூறுல ஒரு நொடியில மெடல் போற விளையாட்டுல நூறுல பதினாலு நொடி தப்பு! இதைத் தெரிஞ்சு கருவியைப் பிடிக்கிறவனுக்கும் தெரியாம பிடிக்கிறவனுக்கும் வித்தியாசம் இல்லையா?

லாக்டேட் பரிசோதனையை எடுத்துக்கோங்க. கடுமையா ஓடும்போது தசையில உண்டாகி ரத்தத்துல கலக்கிற பொருள்தான் லாக்டேட். ஓடி முடிச்ச பையனோட காது மடல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுக்கணும். சுலபம்தானே? ஸ்பிரிட்டால துடைச்சு, அது காயுற வரைக்கும் காத்திருக்கணும். ஊசியால குத்தி, வர்ற முதல் சொட்டைப் பஞ்சால துடைச்சு எறிஞ்சிட்டு, இரண்டாவது சொட்டைத்தான் ஸ்ட்ரிப்ல வைக்கணும். ஏன்னா வியர்வையிலேயே லாக்டேட் இருக்கு. கலந்தா அளவு கூடிடும். பையன் நல்லாத் தாங்கியிருப்பான், கருவி "களைச்சிட்டான்"னு சொல்லும், மறுநாள் பயிற்சியைக் குறைச்சிடுவாங்க. அதோட ஓட்டம் முடிஞ்ச உடனே எடுத்தா உச்ச அளவு தெரியாது. 3, 5, 7 நிமிஷம்னு திரும்பத் திரும்ப எடுக்கணும். இதைக் கைப்பழக்கம் ஆகுற வரைக்கும் ஆய்வுக்கூடத்துல செஞ்சு பார்க்கிறதுதான் அந்தப் படிப்பு.

டோக்கியோ ஒலிம்பிக்ல ஈட்டியை 87.58 மீட்டர் எறிஞ்ச நீரஜ் சோப்ராவோட அன்றைய பயிற்சியாளர் கிளாஸ் பார்டோனிட்ஸ், உயிரியந்திரவியல் நிபுணர், அதாவது உடம்பு அசையுற விதத்தை அலசுற அறிவியல் படிச்சவர். எதிரணி இதையும் கணக்குல வச்சுக்கணும்.

பெற்றோர்களுக்கு ஒண்ணு. பி.பி.எட். உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு. பி.பி.டி. பிசியோதெரபிக்கு. விளையாட்டு அறிவியல் தனிப் படிப்பு: உடற்செயலியல், உயிரியந்திரவியல், வலிமைப் பயிற்சி, ஊட்டச்சத்து, உளவியல், புள்ளியியல். சென்னைக்குப் பக்கத்துல மேலக்கோட்டையூர்ல உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும்னே ஒரு பல்கலைக்கழகத்தை நம்ம மாநிலம் நடத்துது. எங்கே சேர்த்தாலும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வுக்கூடம், எந்த அணியோட களப்பயிற்சின்னு கேட்டுட்டுச் சேருங்க. கருவி கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டியிருந்தா வேற இடம் பாருங்க.

மணி அடிச்சிட்டாங்க. நடுவரய்யா, ஒரே நிமிஷம்.

நம்ம ஊர் மைதானங்கள்ல ஒரு பொண்ணு ஓடிட்டு இருக்கா. 50 கிலோ எடை, கொழுப்பு நீங்கலா 40 கிலோ. நாளைக்கு 1600 கலோரி சாப்பிடறா, பயிற்சியில 600 எரிக்கிறா. மிச்சம் 1000. அதை 40 கிலோவுக்குப் பங்கு போட்டா கிலோவுக்கு 25. 45 கிட்ட இருக்கணும்; 30-க்குக் கீழே போனா உடம்பு ஒவ்வொரு வேலையா நிறுத்தும். மாதவிலக்கு நின்னுடலாம். எலும்போட வலு குறையலாம். அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா. நின்னா நல்லதுதான், போட்டிக்குத் தொந்தரவில்லைன்னு நினைச்சுக்குவா. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்குதும்பா. "சாக்கு சொல்லாதே, இன்னும் நாலு ரவுண்டு ஓடு"ம்போம். வலி காலோரமாப் பரவி இருந்தா அது வேற. ஒரே இடத்துல விரல் வச்சு அழுத்தும்போது துடிச்சா, எலும்புல விரிசல் விழ ஆரம்பிச்சிருக்கலாம். அன்னைக்கே ஓட்டத்தை நிறுத்தி ஸ்கேனுக்கு அனுப்பணும். அது தெரியாம எத்தனை பிள்ளைகளைச் சோம்பேறின்னு திட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்! அந்தப் பிள்ளைகளோட அம்மாக்கள் இந்த அரங்கத்துலயும் இருப்பாங்க.

"கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்தினே?"ன்னு அவ பக்கத்துல உட்கார்ந்து கேட்க, படிச்ச ஒரு அக்கா அந்த மைதானத்துல வேணும் ஐயா. உங்க வீட்டுப் பொண்ணை அந்த அக்காவா ஆக்கப் படிக்க அனுப்புங்கம்மா. உங்க காலைத் தொட்டுக் கேட்கிறேன். நடுவர் அவர்களே, அவளுக்காகத் தீர்ப்பு சொல்லுங்க. நன்றி, வணக்கம்.