எவெங்கி என்றே அழைப்போம்: பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சைபீரியக் காடுகளில் கலைமான் வளர்த்து வாழும் மக்களைத் பிறர் இட்ட பெயரால் ‘துங்குஸ்’ என்பதா, அவர்கள் தம்மை அழைக்கும் பெயரால் ‘எவெங்கி’ என்பதா என்ற வழக்கில் நான் எவெங்கிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், துருக்கிய மொழிகளில் ‘தொங்குஸ்’ என்றால் பன்றி, அண்டை வீட்டார் அப்படி ஏசியதே பெயராக நிலைத்துவிட்டது என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். அந்தப் பன்றியை அவ்வளவு எளிதில் விட்டுவிட எனக்கு மனமில்லை. யார் அந்த அண்டை வீட்டார்? சைபீரியாவின் வடகிழக்கில் வாழும் யாகுத்தியர். அவர்கள் பேசுவதும் துருக்கிய மொழியே, எவெங்கியரை அவர்கள் அழைப்பதும் ‘தொங்குஸ்’ என்றே. நண்பர் இதுவரை மகிழலாம். ஆனால் உண்மையான பன்றியை அந்த யாகுத்தியர் எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? ‘சிபீன்யே’ என்று, ரஷ்யரிடம் கடன் வாங்கிய சொல்லால்! வீட்டிலேயே பன்றிக்குப் பெயர் வைத்திருந்தவர்கள், பன்றியைக் கண்டதும் ரஷ்யர் வாசலில் போய்ச் சொல் கேட்டு நின்றிருப்பார்களா, நடுவர் அவர்களே? கலைமான்கள் முன்னே நடக்க, உறைபனியில் மூச்சிரைக்கப் பன்றிக் கூட்டம் பின்னே ஓடிவரும் காட்சியை நண்பர் கண்ணை மூடி ஒருமுறை பார்க்கட்டும். சிரிப்பு வந்தால் மதிப்பெண் என் அணிக்கு.

பண்டைச் சீனர் தம் வடகிழக்கு அண்டை நாடோடி மக்களை அழைத்த ‘தொங்ஹு’ என்ற சொல்லே துங்குஸ் ஆனது என்ற வாதமும் வந்தது. இன்றைய உச்சரிப்பில் ஒத்திருக்கும் அச்சொல்லின் பழைய ஒலி வேறு என்பதால் மொழியியலாளர் அதை ஏற்பதில்லை, அத்தோடு விடுகிறேன்.

எவெங்கியரின் மொழிக்குடும்பத்தையே சேர்ந்த ஜுர்சென் மக்கள், 1635-இல் தம் அரசர் ஹொங் தாய்ஜி ஆணையிட்டதும் ‘மஞ்சு’ என்ற பெயருக்கு மாறினார்கள். அரசன் இருந்தவர்களுக்கு ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. எவெங்கியருக்கோ 1930-இல் சோவியத் ஆட்சி தனி வட்டாரம் அமைத்து அவர்கள் பெயரை அதற்கு இடும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1908 ஜூன் 30 அன்று, விண்ணிலிருந்து வந்த பொருளொன்று சைபீரியக் காட்டின் மேல் வெடித்ததை உலகமே ‘துங்குஸ்கா’ என்று படிக்கிறது. அன்று கூடாரங்கள் பறந்தன, கலைமான்கள் கருகின; இழந்தவர்கள் எவெங்கியர், உலகின் நினைவில் நின்றதோ பிறர் இட்ட பெயர். அன்று மந்தையை இழந்த ஒரு முதியவர் இந்த அவைக்குள் நுழைந்தால், எதிரணி நண்பர் எழுந்து அவரை என்ன பெயர் சொல்லி அமரச் சொல்வார் என்று கேட்டு, நான் அமர்கிறேன்.