ஜெனரேட் ஆன கோடில் பெயர் மோதல்: மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு கேள்வி

மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஜேசன் ஸ்கீமாவிலிருந்து (டேட்டாவில் என்னென்ன ஃபீல்டுகள் என்று சொல்லும் ஃபைல்) ஒரு டூல் பைதான் கிளாஸ்களை எழுதித் தருகிறது. யூசர் ஐடி என்று அண்டர்ஸ்கோரோடு ஒரு ஃபீல்டு, கேமல் கேஸில் (அண்டர்ஸ்கோர் இல்லாமல், நடுவில் பெரிய எழுத்து வைத்து) இன்னொன்று. டூல் பெயர்களை மாற்றி எழுதியதில் இரண்டும் ஒரே பெயராகிவிட்டன, எர்ரரே வரவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?"

படித்ததிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல கேள்வி.

எர்ரர் வராததற்குக் காரணம் பைதான். ஒரே கிளாஸில் ஒரு பெயரை இரண்டு முறை எழுதினால் பின்னது முன்னதை மூடிவிடும். ஜாவாவாக இருந்தால் கம்பைலரே நிறுத்தியிருக்கும்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: ஸ்கீமாவில் உள்ள பெயரைச் சோதிக்காதீர்கள், மாற்றி முடித்த பெயரைச் சோதியுங்கள். ஸ்கீமாவில் அவை இரண்டும் வேறு வேறுதானே! கோடை எழுதும் முன் ஒரு டிக்‌ஷனரி வையுங்கள். ஸ்கோப்பும் (அந்தப் பெயர் எந்த கிளாஸுக்குள் இருக்கிறது என்பது) இறுதிப் பெயரும் சேர்ந்து கீ, அது எங்கிருந்து வந்தது என்பது வேல்யூ. கீ ஏற்கெனவே இருந்தால் மோதல். ஸ்கோப் ஏன் என்றால், நம் பெங்களூரில் ஃபிஃப்த் கிராஸ் என்ற தெரு ஏரியாவுக்கு ஏரியா உண்டு. ஜெயநகர் என்று சேர்த்துச் சொன்னால் குழப்பமில்லை. கிளாஸ், ஃப்ரம் போன்ற கீவேர்டுகளை, அதாவது பைதான் தனக்கென்று ஒதுக்கிய சொற்களை, முதலிலேயே அந்த டிக்‌ஷனரிக்குள் போட்டுவிடுங்கள். ஃபைல் பெயர்களைச் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுங்கள். லினக்ஸில் தனித்தனியாக இருக்கும் இரண்டு ஃபைல்கள் விண்டோஸிலும் மேக்கிலும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும்.

சரி, கண்டுபிடித்தபின் என்ன செய்வது? தம்பி இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். பலர் பின்னால் ஒரு எண்ணை ஒட்டிவிடுகிறார்கள். முன்பு நான் இருந்த ஒரு டீமில் டூல் அப்படித்தான் செய்தது. ஒரே பெயராக மாறிய தொகை ஃபீல்டுகளுக்கு வந்த வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண் போட்டது. ஒருவர் நடுவில் ஒரு ஃபீல்டைச் சேர்த்தார், எண்கள் நகர்ந்துவிட்டன. டைப் ஒன்றுதான், அதனால் கம்பைல் ஆனது, டெஸ்டும் பாஸ். ஆனால் வரி இருக்க வேண்டிய இடத்தில் தள்ளுபடி உட்கார்ந்திருந்தது. அப்புறம், ஒட்டிய எண்ணோடு அதே பெயரில் வேறொரு ஃபீல்டு ஏற்கெனவே இருந்தால்? திரும்பவும் மோதல்.

அதனால் என் பதில்: கோடை எழுதும் டூல், அதாவது ஜெனரேட்டர், அங்கேயே நிற்கட்டும். மோதிய இரண்டு பெயர்களையும், ஸ்கீமாவில் எந்த வரியில் இருக்கின்றன என்பதையும் காட்டட்டும். புதுப் பெயரை மனிதர் கான்ஃபிகில் எழுதிக் கமிட் செய்யட்டும். எக்ஸ்எம்எல் ஸ்கீமாவிலிருந்து ஜாவா எழுதும் எக்ஸ்ஜேசி இதைத்தான் செய்கிறது: இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, பைண்டிங்கில் (எந்தப் பெயர் எப்படி மாற வேண்டும் என்று நாம் எழுதித் தரும் அமைப்பு) நீங்களே தீர்த்துவையுங்கள் என்று சொல்லி நின்றுவிடும்.