ஒன்பதரை மில்லிமீற்றர் ஆணிக்கு ஒரு முழு வீடியோ

வணக்கம், வணக்கம். இண்டைக்குக் கொஞ்சம் கடுப்பிலதான் தொடங்கிறன், முதலே சொல்லிப்போட்டன். கையில இருக்கிறதைக் கிட்டக் காட்டுறன், பாருங்கோ. ரெண்டும் கொட்டர் பின், பெடல் பூட்டியிருக்கிற கிறாங்கை நடு அச்சுக் கம்பியோட இறுக்கிற ஆணி. பார்த்தா இரட்டைப் பிள்ளையள் மாதிரி இருக்கும். இது 9 மில்லிமீற்றர், இது ஒன்பதரை. றலி சைக்கிளுக்குப் போறது ஒன்பதரை. கடையில கேட்டா "எல்லாம் ஒண்டுதான் தம்பி, தட்டினாப் போகும்" எண்டு ஒன்பதைத் தந்து விடுறாங்கள். போகும்தான். போய் என்ன?

ஒன்பது பின்னை ஒன்பதரை ஓட்டையில விட்டா, பின் உள்ளுக்குக் கூடத் தூரம் போய்த்தான் இறுகும். நட் பக்கம் திருகு நூல் நீட்டிக்கொண்டு நிக்கும், நட்டும் இறுக்கியாச்சு, கை வைச்சு ஆட்டினா அசையாது. ஆனா பின்னின்ர உடம்புக்கும் ஓட்டைக்கும் நடுவில இடைவெளி இருக்கு. நாலு நாள் மிதிச்சா ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருக்கா, அதே இடத்தில, "டிக்". பெடலிலையோ செயினிலையோ கோளாறு எண்டு தேடித் திரிவீங்கள். அங்கை பின்னின்ர சப்பட்டைப் பக்கத்தில பள்ளம் விழுந்து, பிறகு அச்சுக் கம்பியின்ர சப்பட்டையையும் தின்னத் தொடங்கும். பின் ஒரு பிளேன்ரீக் காசு. அச்சுக் கம்பிக்கு எங்கை போறது?

அதால கேலிப்பர் கொண்டுபோய் கடையில வைச்சே அளவுங்கோ. வெக்கப்படாதேங்கோ.

சரி, போன வீடியோ பார்த்தாக்களுக்கு இந்தச் சைக்கிளைத் தெரியும். 28 இஞ்ச் ரோட்ஸ்டர், கம்பி பிறேக், பின் ஹப், அதுதான் பின் சில்லின்ர நடுக்கூடு, மூண்டு கியர் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ. அந்த ஹப் 1936 இல வந்த வடிவமைப்பு, உள்ளுக்கு அதே வேலைதான் பிறகும் நடந்தது. ஹப் கூட்டில ரெண்டு இலக்கத்தில வருசமும் பக்கத்தில மாதமும் அடிச்சிருக்கும், மண்ணெண்ணைத் துணியால துடைச்சுப் பாருங்கோ. அது ஹப்பின்ர வயசு. சில்லு மாத்தியிருந்தா சைக்கிளின்ர வயசு வேறை.

கொமெண்டில திருப்பித் திருப்பி ஒரே கேள்வி: "அண்ணா, பெயின்ற் எப்ப அடிப்பீங்கள்?" அடிக்க மாட்டன். எத்தினை தரம் சொல்லுறது? அந்தக் கறுப்பு எனாமலும் தங்கக் கோடும் திருப்பி வராது. ஸ்பிறே அடிச்ச றலியைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும். உப்புத்தாள் கொண்டு வாறாக்களும் அப்பிடியே திரும்பிப் போங்கோ.

திருகோணமலைச் சைக்கிளுக்கு முதல் வேலை எண்ணை இல்லை, தண்ணி. கடலடியில நிண்ட இரும்பில உப்புப் படிஞ்சிருக்கும். உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். அதுக்கு மேல எண்ணை பூசினா உப்பை உள்ளுக்கு வைச்சு மூடுறீங்கள், கறள் அடியால போய்க்கொண்டிருக்கும். சவர்க்காரத் தண்ணியால கழுவி, குழாய்த் தண்ணியால ரெண்டு தரம் அலசி, ஒரு நாள் வெயிலில. கிணத்துத் தண்ணி வேண்டாம், கடற்கரைப் பக்கத்தில கனக்கக் கிணறு உவர். குரோமுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சுத் தேய்ச்சாக் காணும். அலுமினியம் குரோமை விட மெது, கீறாது.

இப்ப பழைய பின்னைக் கழட்டுறது. நட்டை முழுக்கக் கழட்டாதேங்கோ. நட்டின்ர மேல்மட்டமும் பின்னின்ர நுனியும் ஒரே மட்டத்துக்கு வரட்டும். கிறாங்குக்குக் கீழ ஒரு இரும்புப் பைப்பை நிலத்தில இருந்து முட்டுக் குடுங்கோ, பின் வெளியில வாற வழி பைப்பின்ர ஓட்டைக்கு நேரா இருக்கோணும். முட்டு இல்லாமல் அடிச்சா அடி நேரா அச்சைத் தாங்கிற போல்ஸுக்கு, அந்த இரும்புக் குண்டுகளுக்குப் போய், அதுகள் உருளுற கப்பில குழி விழும். பிறகு பாரமான சுத்தியலால ஒரே அடி. பத்துச் சின்ன அடி அடிச்சீங்களெண்டா பின் தலை காளான் மாதிரி விரிஞ்சிடும், அதுக்குப் பிறகு ட்ரில் தான். நடுவில பஞ்ச் வைச்சு 5 மில்லிமீற்றர், பிறகு 6.

ஆ, மறந்திட்டன்! பின்னுக்கு முதல் நாளே எண்ணை விடோணும். ஊடுருவுற எண்ணை, ரெண்டு பக்கமும், ரெண்டு மூண்டு தரம். டபிள்யூடி-40 மட்டும் எண்டா, அது துடைக்கத்தான் நல்லம், பிடிச்சுக் கிடக்கிறதைக் கழட்ட ஆக மெது.

கிறாங் வந்தாச்செண்டா கப். கீழ ஒரு தட்டு வையுங்கோ, போல்ஸ் தெறிச்சு ஓடும். பக்கத்துக்குப் பதினொண்டு, கால் இஞ்ச். பழசையும் புதுசையும் கலக்காதேங்கோ, தேஞ்சது சின்னன், முழுப் பாரமும் புதுசின்ர தலையில விழும். செயின் பக்கத்துக் கப் இடது நூல், மற்றப் பக்கம் மாதிரித் திருப்பினா இறுகத்தான் செய்யும். இடது பெடலும் அப்பிடித்தான். இன்னொண்டு, றலியின்ர கப் நூல் இஞ்சுக்கு 26, மற்றக் கனக்கச் சைக்கிளுக்கு 24. வேறை கப்பை ஏத்தினா, கப் பூட்டுற பிறேம் கூட்டின்ர நூல் போச்சு. அந்தக் கூட்டுக்குள்ள ஒருக்கா விரலை விட்டுப் பாருங்கோ, சீட் பைப்பால இறங்கின மழைத்தண்ணி அங்கைதான் தங்கும். வாடை மழை தொடங்க முதல் சீட்டைக் கழட்டி உள்ளுக்குக் கொஞ்சம் எஞ்சின் ஒயில் ஊத்தி, பிறேமைப் பிரட்டிப் பிரட்டி ஓட விடுங்கோ.

இப்ப புதுப் பின். கடையில வாறது அப்பிடியே பொருந்தாது, அரம் போடோணும். எங்கை போடுறது? விளக்குக் கரியை சப்பட்டைப் பக்கத்தில பூசி, கிறாங்கில விட்டு ஒரு தட்டுத் தட்டி, வெளியில எடுத்துப் பாருங்கோ. இந்தா, இங்கை, ஓரத்தில மட்டும் கரி அழிஞ்சிருக்கு. அப்ப ஓரம் மட்டும்தான் அச்சைத் தொடுது. அந்த இடத்தை ரெண்டு இழுவை, திருப்பிக் கரி, திருப்பித் தட்டு. சப்பட்டை முழுக்கக் கரி அழியிற வரைக்கும். இது நாலாவது தரம். பாருங்கோ, முழுக்க! இதைப் பார்க்கத்தான் இவ்வளவு நேரமும்.

ரெண்டு பின்னும் எதிர்த்திசையில. ஒரு நட் மேல பார்த்தா மற்றது கீழ. ஒரே பக்கமாப் போட்டா ரெண்டு காலும் நேர்கோட்டில வராது, மிதிக்கேக்கை ஒரு கால் நொண்டும். நட்டால இழுத்துப் பின்னை இறுக்காதேங்கோ, நூல் உருவிடும். சுத்தியலால இருத்தி, பிறகு நட். நட் சும்மா காவலுக்கு.

ஹப்புக்குப் பெரிய பேச்சில்லை. பின் ஹப்பின்ர எண்ணை மூடியால மெல்லிய எண்ணை ஒரு தேக்கரண்டி, கிறீஸை உள்ளுக்குத் திணிக்காதேங்கோ, கியர் ஒட்டிப் போகும். முன் ஹப் பக்கத்துக்குப் பத்துப் போல்ஸ், 3/16 இஞ்ச். போல்ஸை அணைச்சுப் பிடிக்கிற கோன் சரியா இறுகியிருக்கோ எண்டு பார்க்க, வால்வைப் பக்கவாட்டில வைச்சுச் சில்லை விடுங்கோ. வால்வின்ர பாரத்தில தானாக் கீழ வந்து ஆடி நிண்டா சரி.

ரயர் வாங்கேக்கை "28" எண்டதை மட்டும் பார்த்து வாங்காதேங்கோ. எங்களுக்கு வேண்டியது 28 × 1½, பக்கத்தில 635 எண்டு இருக்கோணும். 622 எண்டு இருக்கிறதும் 28 எண்டுதான் விக்கினம், அது ரிம்மில ஏறாது. காத்து பின் சில்லுக்கு 50 பிஎஸ்ஐ, முன்னுக்கு 45.

கம்பி பிறேக் மழையில பிடிக்காது, அதைச் சொல்லிப்போடோணும். ஈர இரும்பு ரிம்முக்கு மேல ரப்பர் வழுக்கும். உவர்மலை இறக்கத்தில மழைக்குப் போறாக்கள் கால் நிலத்தில எட்டுதோ எண்டு பார்த்துப் போங்கோ. ரப்பருக்கும் ரிம்முக்கும் மூண்டு மில்லிமீற்றர் விட்டாக் காணும், ஆனா சில்லு நேரா ஓடோணும், இல்லாட்டி ஒரு இடத்தில உரசிக்கொண்டே இருக்கும்.

தோல் சீட்டுக்குத் தேங்காயெண்ணை பூசுறாக்களின்ர காலில விழுந்து கும்பிடுறன், பூசாதேங்கோ. ஊறித் தொய்ஞ்சு தொட்டில் மாதிரி ஆகும். தோல் மெழுகு, மேல் பக்கம் மெல்லிசா, காணும்.

நிலாவெளி றோட்டால ஒருக்கா ஓடிப்போட்டு வந்து அந்தக் கொட்டர் பின் நட்டைத் திருப்பி இறுக்கோணும், முதல் ஓட்டத்தில பின் கொஞ்சம் உள்ளுக்கு இறங்கும். சாவி எங்கை வைச்சன்... ஆ, சீட்டுக்குக் கீழ. டைனமோ 6 வோல்ட், அது அடுத்த வீடியோ.