நான்கு மில்லிமீட்டர்: புதிய 390 டியூக்கில் முதல் ஓட்டம்

வணக்கம் நேயர்களே. நான் சேலத்தில் எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறைக்காரன். சக்தி கூடிய நேக்கட் பைக் ஒன்றைப் புதிதாக ஓட்டிப் பார்த்த அனுபவத்தைப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, எந்த வண்டி என்று நான் யோசிக்கவே இல்லை. நண்பர் ஒருவர் மூன்றாம் தலைமுறை கேடிஎம் 390 டியூக் வாங்கியிருந்தார். முதல் சர்வீஸ் முடிந்ததும் சாவியை என் கையில் கொடுத்து, "ஏற்காடு வரைக்கும் போய்ட்டு வந்து சொல்லுங்கண்ணே" என்றார். அவரிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்லப்போகிறேன்.

மோட்டார் சைக்கிளில் அவ்வளவு பழக்கமில்லாதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ரேஸ் வண்டிகளுக்கு முன்பக்கம் காற்றைப் பிளக்க ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். அது எதுவும் இல்லாமல், எஞ்சின், சட்டக் குழாய்கள், ரேடியேட்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரிய, அகலமான ஹேண்டில்பாரைப் பிடித்து ஓரளவு நிமிர்ந்து உட்காரும் வண்டிதான் நேக்கட். நம் தெருவில் ஓடும் பெரும்பாலான பைக்குகள் இந்த உருவம்தான். சக்தி ஏற ஏறத்தான் இதன் குணம் மாறுகிறது.

கேடிஎம் ஆஸ்திரியாவில் மட்டிக்ஹோஃபன் என்ற ஊரைச் சேர்ந்த நிறுவனம். 2007-இல் பஜாஜ் அதில் பங்கு வாங்கியது. புனே பக்கம் சாகன் தொழிற்சாலையில் உருவான 200 டியூக் 2012-இல் நம் சாலைக்கு வந்தது. அடுத்த ஆண்டே 390 வந்தது, டெல்லி ஷோரூம் விலை 1.80 லட்சம். அந்தக் காசுக்கு அப்படி ஒரு வேகம் அதுவரை இங்கே கிடைத்ததில்லை. கல்லூரிப் பையன்கள் மத்தியில் அது கிளப்பிய பரபரப்பு பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2017-இல் இரண்டாம் தலைமுறை வந்தது. இப்போது நான் பேசும் மூன்றாவது, 2023 செப்டம்பரில் 3.10 லட்சத்துக்கு அறிமுகமானது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம்.

பழைய 390-இல் சிலிண்டரின் விட்டம் 89 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தூரத்தை ஸ்ட்ரோக் என்போம். அது 60 மில்லிமீட்டர். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் 373 சிசி வரும். புதிய எஞ்சினில் விட்டத்தைத் தொடவில்லை, அதே 89. ஸ்ட்ரோக்கை மட்டும் 64 ஆக்கியிருக்கிறார்கள். கொள்ளளவு ஏறக்குறைய 399 சிசி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை பிஸ்டன் இறங்கும்போதும் உள்ளே வரும் காற்றும் பெட்ரோலும் கிட்டத்தட்ட ஏழு சதவீதம் கூடுதல்.

காகிதத்தில் பார்த்தால் பெரிய மாற்றமாகத் தெரியாது. 43.5 குதிரைத்திறன் 46 ஆனது. எஞ்சினின் முறுக்கு விசையை டார்க் என்போம், அது 37 நியூட்டன் மீட்டரிலிருந்து 39-க்கு வந்தது. இதற்காகவா ஒரு எஞ்சினையே புதிதாகச் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த உச்சம் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். பழையது முழு சக்தியைக் காட்ட நிமிடத்துக்கு 9,000 சுற்று வேண்டும். புதியதற்கு 8,500 போதும். உச்ச டார்க்கும் அதே மாதிரி 7,000-லிருந்து 6,500-க்கு இறங்கிவிட்டது. கூடுதல் பலத்தை, குறைந்த சுற்றிலேயே கொடுக்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். உச்ச சக்தி தரும் சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் பழைய எஞ்சினில் நொடிக்கு 18 மீட்டர். புதியதிலும் 18-தான், ஒரு மயிரிழை கூடுதல். ஸ்ட்ரோக்கை நீட்டிவிட்டு, உச்ச சுற்றைக் கீழே இறக்கி, பிஸ்டன் படும் பாட்டைக் கூட்டாமல் வைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்களின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

இது ரோட்டில் எப்படித் தெரிகிறது? முதலில் சேலத்துக்குள். காலையில் ஐந்து ரோட்டைக் கடந்திருப்பவர்களுக்குத் தெரியும், பஸ், ஷேர் ஆட்டோ, வெள்ளிக்கொலுசுப் பட்டறைக்குப் போகும் ஸ்கூட்டர் என்று எல்லாம் நகரும், ஆனால் எதுவும் ஓடாது. பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு இந்த இடம் சோதனை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. 2,400 சுற்றில் ஓடினால் நொடிக்கு 20 வெடிப்புதான். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே எஞ்சின் தளர்கிறது, பிறகு பிடித்து இழுக்கிறது. பைக் குலுங்கும், செயின் தட்டும், பாதி கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். இடது மணிக்கட்டு வலிக்கும். கொள்ளளவு பெரிய எந்த ஒற்றை சிலிண்டர் வண்டிக்கும் இந்த இயல்பு உண்டு.

புதிய 390-இல் அந்த இயல்பு மறைந்துவிடவில்லை, ஆனால் கீழே தள்ளிப் போய்விட்டது. மூன்றாவது கியரில் 30-இல் உருட்டிக்கொண்டு போய், முன்னால் இருந்த பஸ் நகர்ந்ததும் லேசாகத் திருகினேன். முனகல் இல்லை, இழுப்பு இல்லை, கிளம்பிவிட்டது. ஆக்சிலேட்டர் கேபிளுக்குப் பதில் மின்னணு த்ராட்டில், அதைச் செம்மையாக ட்யூன் செய்திருக்கிறார்கள். அப்புறம், பின் ஷாக் அப்சார்பரை நடுவில் வைக்காமல் வலப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் கிடைத்த இடத்தில், எஞ்சினுக்குக் காற்று கொடுக்கும் பெட்டியான ஏர் பாக்ஸ் பெரிதாக உட்கார்ந்திருக்கிறது, சீட்டும் தாழ்ந்திருக்கிறது. எஞ்சின் நன்றாக மூச்சு விடுகிறது என்று நாங்கள் பட்டறையில் சொல்வோமே, அதுதான் இது.

அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்தால் ஏற்காடு மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பைக்கின் எஞ்சினைப் பற்றி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டினாலும் தெரியாதது இங்கே நாலு வளைவில் தெரிந்துவிடும்.

ஏன் என்றால், மேலே ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். உள்பக்கம் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். வண்டியைச் சாய்த்துத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகச் சக்தியைக் கொடுத்தால்தான் வண்டி நிலையாக நிற்கும். சக்தி தாமதமாக வந்தால் வண்டி வளைவுக்குள்ளேயே சரியப் பார்க்கும். தாமதமாக வந்து, வரும்போது மொத்தமாக வந்தால் இன்னும் மோசம், பின் டயர் வழுக்கும். சக்தி கூடிய வண்டியில் மலை ஏறுகிறவர்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது கியரில் ஒவ்வொரு வளைவாக நுழைந்தேன். முதல் கியருக்கு இறங்க வேண்டிய தேவையே வரவில்லை. விரல் அளவு திருகினால் விரல் அளவு சக்தி வருகிறது. இன்னும் கொஞ்சம் கேட்டால் இன்னும் கொஞ்சம் வருகிறது. என்ன கேட்டேனோ அதைக் கொடுத்தது, கேட்காததைக் கொடுக்கவில்லை. வளைவு முடிந்து நேர்பாதை தெரிந்ததும் முழுதாகத் திறந்தால், 6,000 சுற்றைத் தாண்டியபின் பழைய டியூக்கின் ஆவேசம் அப்படியே இருக்கிறது. முன் சக்கரம் இலேசாகிவிடும் அளவுக்கு இழுக்கிறது. சாந்தப்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் மந்தமாக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நடுவே ஒன்று. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஏற்காடு பஸ் ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்பே ஹாரன் கொடுத்துவிடுவார்கள். வேகமான பைக்கில் வருபவர்கள் அந்தச் சத்தத்தை மதித்து, வளைவுக்கு வெளியிலேயே நின்றுகொள்ளுங்கள். பஸ்ஸின் பின்பகுதி எவ்வளவு அகலமாக வீசும் என்று உள்ளே போனபின் பார்க்கக் கூடாது.

இறங்கும்போது பிரேக்கின் வேலை. முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க், பின்னால் 240. இரண்டு விரல் போதும். வண்டியின் எடை சுமார் 168 கிலோ என்பதால் தடுமாற்றம் இல்லை. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளிலும் 2019 ஏப்ரல் முதல், பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று தெரியாது. டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓர் அளவுதான். அதில் ஒரு பகுதியை வளைவே தின்றுவிடும், மிச்சத்தில்தான் பிரேக் பிடிக்க வேண்டும். இந்த வண்டியில் சாய்வை அளக்கும் சென்சார் இருக்கிறது. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, பிரேக்கையும் பின் சக்கரத்துக்குப் போகும் சக்தியையும் அதற்கேற்ப அளவிடுகிறது. சருகும் மண்ணும் கிடக்கிற மலை வளைவில் இது ஆடம்பரம் இல்லை, உயிர் காக்கிற சாமான்.

சஸ்பென்ஷனையும் சொல்ல வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கில் அழுத்தத்துக்கு ஒரு பக்கம், மீள்வதற்கு ஒரு பக்கம் என்று கையாலேயே திருகும் ஐந்து நிலைகள். நம் ஊர் வேகத்தடைகளுக்கு மென்மையான பக்கம் திருப்பி வைத்தேன், முதுகு நன்றி சொன்னது. வாங்கியவர்களில் பலர் இதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

குயிக்‌ஷிஃப்டர் இருக்கிறது, கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றலாம், நன்றாக வேலை செய்கிறது. வண்ணத் திரை தெளிவாக இருக்கிறது. லாஞ்ச் கண்ட்ரோல் என்று ஒன்று, நின்ற இடத்திலிருந்து அம்பாகக் கிளம்ப. அதற்குச் சாலையில் வேலையே இல்லை. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தளம் இருக்கிறது. அந்த ஆசை உள்ளவர்கள் அங்கே போய்த் தீர்த்துக்கொள்ளட்டும்.

மறுபடி ஊருக்கு வந்து ஓமலூர் வழியாகத் தொப்பூர் பக்கம் பெங்களூரு சாலையில் ஏறினேன். நான்கு வழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018-இல் வைத்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். 80 தான் எல்லை என்றால் 46 குதிரைத்திறன் எதற்கு என்று அப்பா அம்மாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: அந்தச் சக்தி 40-லிருந்து 80 போவதற்கு. இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, முந்தவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல் கழியும் நொடிகள்தான் நெடுஞ்சாலையில் ஆபத்தானவை. இந்த வண்டி அந்த நொடிகளைக் குறைக்கிறது, அதுவும் கியரை இறக்காமலே. அந்த நான்கு மில்லிமீட்டர் இங்கேயும் கைகொடுக்கிறது.

அதற்கு மேல் போனால் என்ன? காற்று பதில் சொல்லும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். உறை இல்லாத வண்டி என்பதால் அது முழுக்க ஓட்டுபவர் நெஞ்சில்தான் விழும். கழுத்து இறுகும், கை ஹேண்டில்பாரைத் தொங்கிப் பிடிக்கத் தொடங்கும். நேக்கட் பைக்கை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம், வேகத்தை மறைக்காது. உறை போட்ட வண்டியில் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது உடம்புக்குத் தெரியாமலே போய்விடும்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. நூறு சிசி வண்டியிலிருந்து நேராக இதற்கு வரும் தம்பிகள் பட்டறைக்கு வருகிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடந்துவிடுகிறோம். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் பிரேக்கைத் தொடுவதற்கே அந்த ஒரு நொடி ஆகிவிடும். சென்சார்கள் பிரேக் பிடித்தபிறகுதான் உதவும், பிடிப்பதற்கு முன்னால் உதவாது. கூட்டமில்லாத இடத்தில் முன் பிரேக்கை மட்டும் படிப்படியாக இறுக்கிப் பழகுங்கள். தினமும் பத்து நிமிஷம் போதும். ஹெல்மெட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு வண்டிக்கு மாதத் தவணை போடுங்கள்.

வாங்க நினைப்பவர்கள் ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேளுங்கள். சீட்டின் உயரம் 800 மில்லிமீட்டர், இரண்டு காலும் ஊன்றுகிறதா என்று பாருங்கள். பிறகு கூட்டமில்லாத தெருவில் மூன்றாவது கியரில் 30-க்குக் கொண்டுவந்து, கிளட்ச்சைத் தொடாமல் மெதுவாகத் திறந்து 60 வரை போங்கள். பக்கத்திலேயே பழைய 390 யாரிடமாவது இருந்தால் அதே தெருவில் அதையும் அப்படியே ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் குலுங்குகிறது, எந்த இடத்தில் இழுக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அப்புறம் விலையைப் பேசுங்கள். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.