பப்பாளி சாப்பிட்டா டிஸ்க் கரையுமா? மாமாவுக்கு வந்த 1,450 ரூவா பார்சல்

வணக்கம் மக்களே. இன்னைக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட் வீடியோதான் போடுறதா இருந்துச்சு, அது அடுத்த வாரம், எனக்கு இருக்குற கோவத்துக்கு இத இன்னைக்கே பேசணும். எங்க மாமனாருக்கு இடுப்புக்கிட்ட எல் ஃபோர் எல் ஃபைவ்ங்கற ரெண்டு முதுகெலும்புக்கு நடுவுல மெத்த மாதிரி இருக்குற டிஸ்க் பிதுங்கி இடது கால் பூரா சுண்டி இழுக்குதுன்னு போன வீடியோல சொன்னேன்ல? சொந்தக்காரவுக குரூப்ல யாரோ ஒரு ஃபார்வர்ட் தட்டிவிட்டாக, பப்பாளி என்சைம் டிஸ்க்க கரைச்சிரும், ஆப்பரேஷனே வேணாம்னு. மாமா எங்க யாருட்டயும் சொல்லாம கேப்சூலுக்கு ஆர்டர் போட்டுட்டாக.

வெலையக் கேளுங்க. 60 கேப்சூல் 1,450 ரூவா, கொரியர் தனியா 80. ஒரு கேப்சூலே 24 ரூவாக்கு மேல வருது. தினம் ரெண்டு போடணுமாம், அப்ப டப்பா ஒரு மாசந்தான் தாங்கும், ஆறு மாசம் சாப்பிடணும்னு போட்ருக்கான், கொரியரோட சேத்தா 9,180 ரூவா! போன வாரம் நான் பழம் வாங்குனது கிலோ 30 ரூவா. ஒரு கேப்சூல் காசுக்கு முக்கா கிலோவுக்கு மேலயே பப்பாளி வந்துரும் மக்களே. கேஷ் ஆன் டெலிவரிங்கறதால தப்பிச்சோம், கொரியர் தம்பி வாசல்ல நிக்கும்போதே பார்சல் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன், ஒரு பைசா குடுக்கல. அந்த சந்தோஷம் எனக்கு ராத்திரி வரைக்கும் இருந்துச்சு.

ஆனா மாமாட்ட சும்மா "பொய்"னு சொன்னா ஒத்துக்க மாட்டாக, அதனால உக்காந்து படிச்சேன். படிச்சா, அந்த ஃபார்வர்ட்ல ஒரு உண்மை இருக்கு! பப்பாளிக்காய் பால்ல கைமோபப்பெய்ன்னு ஒரு என்சைம் இருக்கு, புரதத்த அறுக்குறது. கறி வேக நம்ம பப்பாளிக்காய் துண்டு போடுறோம்ல, அதே பால்தான். 1963ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல லைமன் ஸ்மித்னு ஒரு எலும்பு டாக்டர் இத மனுசனோட டிஸ்க்குக்குள்ளயே ஊசியால போட்டார். 1982ல அந்த நாட்டு அரசாங்கமே மருந்துன்னு அனுமதி குடுத்துச்சு.

ஆங், முயல விட்டுட்டேன், அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. 1956ல லூயிஸ் தாமஸ்னு ஒரு டாக்டர் முயலுக்கு பப்பெய்ன, அதே பப்பாளிப் பால்ல இருக்குற இன்னொரு என்சைம், ரத்தத்துல ஏத்திருக்கார், நட்டுக்கிட்டு நின்ன காது ரெண்டும் தொங்கிருச்சு! காது குருத்தெலும்புல இருந்த சரக்கு கரைஞ்சுபோச்சு, சில நாள்ல காது மறுபடி நிமிந்துருச்சு. டிஸ்க்குக்கு போடலாம்ங்கற யோசனையே இதுலருந்துதான் வந்துச்சு.

டிஸ்க்குக்கு நடுவுல ஜெல் மாதிரி ஒன்னு இருக்கு, அதுல உள்ள புரதந்தான் தண்ணிய இழுத்து வச்சுக்கும். ஊசி அந்த புரதத்த ஒடைச்சிரும், தண்ணி நிக்காது, டிஸ்க் சுருங்கும், நரம்ப அமுக்குறது கொறையும். வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டவங்களோட ஒப்பிட்டுப் பாத்துருக்காங்க, இதுதான் நல்லா கேட்டுருக்கு. நான் இத மருந்தே இல்லன்னு சொல்லவே மாட்டேன்.

ஆனா எப்படிப் போட்டாங்க? எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே, ஊசி நேரா டிஸ்க் நடுவுல. வாய் வழியா இல்ல! என்சைமே ஒரு புரதந்தான், வயித்துக்குள்ள போனா அதையும் உடம்பு செரிச்சிரும், பெரியவங்க டிஸ்க்குக்குள்ள ரத்தக்குழாயும் கெடையாது, எந்த வழியா போய்ச் சேரும் சொல்லுங்க? இதுல பழுத்த பழத்துல பாலே இருக்காது, காய்ல மேலாக்கா கீறித்தான் பால் எடுப்பாங்க, அதுக்குன்னே கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5ன்னு ரகம் விட்ருக்கு.

நேரா ஊசியாப் போட்டதுலயே ஆபத்து இருந்துச்சு. நூத்துல ஒருத்தருக்கும் கம்மிதான், ஆனா சிலருக்கு உசுருக்கே ஆபத்தாகுற அலர்ஜி வந்துச்சு. ரொம்ப அபூர்வமா தண்டுவடமே பாதிச்சு கால் வராமப் போச்சு. பப்பாளி அலர்ஜி உள்ளவங்களுக்கு போடவே கூடாது, ஒரு தடவ போட்டவங்களுக்கு ரெண்டாவது தடவையும் கெடையாது. ஆப்பரேஷன்ல பலன் இன்னும் நல்லா வந்துச்சு, கடைசில 2003ல அமெரிக்காவுல விக்கிறதையே நிறுத்திட்டாங்க. இப்ப ஜப்பான்ல 2018லருந்து கொண்டோலியேஸ்னு வேற ஒரு ஊசி இருக்கு, அது பாக்டீரியாவுலருந்து எடுக்குறது, பப்பாளிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இத அம்புட்டையும் மாமாட்ட சொன்னேன், முயல் காத மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டாக. இப்ப பிசியோதெரபிக்கு கூட்டிட்டுப் போறோம். இந்த கால் வலி நெறைய பேருக்கு சில வாரத்துலயோ ரெண்டு மூணு மாசத்துலயோ கத்தி இல்லாமயே கொறையும்.

இன்னொன்னு, இத கண்டிப்பா கேட்டுக்கோங்க: ஒன்னுக்கு வராம அடைக்குது, இல்ல தெரியாமயே போயிருது, உக்காருற எடம் மரத்துப்போகுது, காலு தொவளுதுன்னா வீட்ல எந்த வைத்தியமும் பாக்காதீக, ராத்திரி எந்நேரம் ஆனாலும் ஒடனே எமர்ஜென்சிக்கு தூக்கிட்டுப் போயிருங்க.