வெள்ளைக் கோப்பை

நேயர்களுக்கு வணக்கம். ‘ஓய்வு நேரத்தில் ஓவியம்’ என்று தலைப்புக் கொடுத்துப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பிலேயே எனக்கு ஒரு சின்னத் தகராறு. பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. வீட்டுக்கு வந்தால் வீட்டு வேலை. இதில் ஓய்வு நேரம் என்று தனியாக ஒன்று எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று பதினெட்டு வருஷமாகத் தேடுகிறேன். கிடைப்பதெல்லாம் இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி. வாஷிங் மெஷின் ஓடி முடிகிற நேரம். பையன் குளித்துவிட்டு வருகிற நேரம். இந்தத் துண்டு துணுக்கு நேரத்தில் போட்ட படங்கள்தான் என்னுடையவை எல்லாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் ஏமாந்துவிடக் கூடாது. நான் ஓவியம் படித்தவள் இல்லை. கண்காட்சி வைத்ததில்லை, விற்றதில்லை. என் படம் ஒன்றே ஒன்று வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதுவும் ஃப்யூஸ் பெட்டியை மறைப்பதற்காக.

ஆரம்பத்தில் என் சாமான்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். படம் போட வேண்டும் என்றால் பெட்டியை இழுக்க வேண்டும், மேஜையில் இருப்பதை ஒதுக்க வேண்டும், பழைய துணி விரிக்க வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும், வண்ணத்தைப் பிதுக்க வேண்டும். கடை விரிக்கப் பத்து நிமிடம், திரும்ப மூட்டை கட்டப் பத்து நிமிடம். கையில் இருப்பதோ இருபது நிமிடம். கணக்குக்காரிக்கு இந்தக் கணக்குப் புரியவே ஒரு வருஷம் ஆயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருஷம் நான் போட்ட படம் ஏழோ எட்டோ. எனக்குச் சோம்பல், எனக்குத் திறமை இல்லை என்றெல்லாம் நினைத்து நொந்துகொண்டிருந்தேன். கோளாறு பெட்டியில்தான் இருந்தது.

அப்புறம் ஜன்னலோரமாக ஒரு பழைய ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பலகை ஒன்றைப் பொருத்தினேன். தாள் அதில் எப்போதும் ஒட்டியே இருக்கும். பேலட்டில், அதாவது வண்ணம் குழைக்கிற தட்டில், வண்ணம் காய்ந்தே இருக்கும். நீர்வண்ணத்தில் இது ஒரு பெரிய சௌகரியம். வேல மரத்துப் பிசினில் குழைத்த வண்ணப் பொடிதான் வாட்டர்கலர். காய்ந்து கட்டியாகிவிட்டாலும் ஈரப் பிரஷ் பட்டதும் மறுபடி கரையும். அக்ரிலிக் அப்படி இல்லை, ஒரு தடவை காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரிதான், பிரஷ்ஷோடு சேர்ந்து போயிற்று. அதனால்தான் துண்டு நேரக்காரர்களுக்கு வாட்டர்கலர் என்று நான் எல்லாரிடமும் வாதாடுவது. எண்ணெய் வண்ணக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

சரி, இடம் கிடைத்துவிட்டது. எதை வரைவது? மலை இல்லை, கடல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர். அப்போது பலகைமேல் ஒரு கோப்பை இருந்தது. வெள்ளைக் கோப்பை. பூ இல்லை, கோடு இல்லை, வெறும் வெள்ளை. இதைப் போட்டுப் பார்ப்போம், சுலபமாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். அந்தக் கோப்பையை நான்கு வருஷம் வரைந்தேன்.

சிரிக்காதீர்கள். நான்கு வருஷம்.

முதல் சிக்கல் ஓவியத்தில் இல்லை, வீட்டில். என் மாமியாருக்கு மாத்திரை போட வெந்நீர் ஊற்றிக்கொள்ள அந்தக் கோப்பைதான் தோது. நான் பாதி வரைந்து வைத்திருப்பேன். அவர் எடுப்பார், குடிப்பார், சுத்தமாகக் கழுவித் துடைத்து அதே பலகையில் வைப்பார். அவர் வைத்த இடம் அவருக்குச் சரி. எனக்கோ பிடி இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், நிழல் வேறு எங்கேயோ விழும். ஒரு நாள் நான் வாய்விட்டுப் புலம்பிவிட்டேன். “ஏம்மா, வைத்த கப்பை எடுக்கக் கூடாது என்றால் முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே? அது என்ன சாமி சிலையா?” என்றார். “இல்லை அத்தை, எடுத்துக்கோங்க. வைக்கும்போது மட்டும் இந்த வட்டத்துக்குள்ளே வையுங்க” என்று பென்சிலால் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பிடி எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு சின்னக் கோடு. அன்றிலிருந்து அவர் வைப்பதைப் பார்க்க வேண்டுமே! கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, கோட்டுக்குக் கோடு ஒட்டி வைப்பார். என்னைவிட அவருக்குத்தான் அதில் அக்கறை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் “தொடாதீங்க, அளவு எடுத்து வெச்சிருக்கு” என்று எச்சரிக்கை வேறு.

இது ஏதோ நான் கண்டுபிடித்த உத்தி என்று பெருமையாக இருந்தேன். பல வருஷம் கழித்துத்தான் ஜியோர்ஜியோ மொராந்தி என்ற ஓவியரைப் பற்றித் தெரியவந்தது. இத்தாலியில் பொலோன்யா நகரத்துக்காரர், 1890இல் பிறந்து 1964இல் இறந்தவர். தன் மூன்று சகோதரிகளோடு ஒரே வீட்டில் இருந்தார். படுக்கிற அறைதான் படம் போடுகிற அறை. வாழ்நாளில் பெரும்பகுதி அவர் வரைந்தது என்ன தெரியுமா? பாட்டில், ஜாடி, கிண்ணம், டப்பா. அதே பாட்டில்கள், அதே ஜாடிகள், திரும்பத் திரும்ப. அவருடைய மேஜைமேல் விரித்த தாளில் எந்தப் பாட்டில் எங்கே நின்றது என்று பென்சில் கோடுகளாகப் போட்டு வைத்திருக்கிறார். என் வட்டம் மாதிரியே. அந்த மேஜையின் புகைப்படத்தை மாமியாரிடம் காட்டினேன். “அவங்க வீட்டிலேயும் மாத்திரை போடுற ஆள் இருந்திருக்கும்” என்றார்.

சரி, கோப்பைக்கு வருவோம். வெள்ளைக் கோப்பையை எப்படி வரைவது? தாள் வெள்ளை, கோப்பையும் வெள்ளை. நீர்வண்ணத்தில் பொதுவாக வெள்ளையைப் பூசுவதில்லை, தாளை அப்படியே விட்டுவிடுவதுதான் வெள்ளை. நான் கோப்பை முழுக்க வெள்ளையாக விட்டு, ஓரத்தில் மட்டும் கறுப்பைக் கரைத்துக் கொஞ்சம் சாம்பல் நிழல் போட்டேன். பார்த்தால் தாளில் கோப்பை வடிவத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த படமும் ஓட்டை. அதற்கு அடுத்ததும் ஓட்டை. பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டேன்.

எங்கே தப்பு? நான் கோப்பையைப் பார்க்கவே இல்லை, அதுதான் தப்பு. “கோப்பை வெள்ளை” என்று மனசு முன்கூட்டியே சொல்லிவிட்டது, கை அதைக் கேட்டு எழுதிவிட்டது. கண்ணை யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் ஒன்று செய்யுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வேண்டாம், தயவுசெய்து. மற்றவர்கள் ஒரு கையைக் குழல் மாதிரி சுருட்டிக்கொள்ளுங்கள். துவாரம் மொச்சைக்கொட்டை அளவுக்கு இருந்தால் போதும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குழல் வழியாக உங்கள் அறையின் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு இடம். பிறகு மூலையில், கூரைக்குக் கீழே ஒரு இடம். பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு இடம். ஒன்றும் ஒன்றும் ஒரே நிறமா? மூலை பழுப்பாக இருக்கும், அல்லது நீலம் கலந்த சாம்பலாக. மரப் பீரோ இருந்தால் அதன் பக்கத்துச் சுவரில் லேசாகச் செம்மை படர்ந்திருக்கும். குழலை எடுத்துவிட்டால் சுவர் மறுபடியும் ஒரே வெள்ளை. சுவர் மாறவில்லை, வெளிச்சமும் மாறவில்லை. அக்கம்பக்கத்தை மறைத்ததும் மனசுக்கு “இது சுவர், இது வெள்ளை” என்று சொல்ல ஆதாரம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்படிப் பார்த்தபோது என் கோப்பையில் வெள்ளை என்று இருந்தது விளிம்பில் ஒரு நகக்கீறல் அளவு, வயிற்றில் ஒரு பொட்டு. மீதியெல்லாம் சாம்பல். அதிலும் எத்தனை சாம்பல்! கறுப்பைக் கரைத்து வருகிற செத்த சாம்பல் இல்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்தால் ஒரு சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிரும், பழுப்பு கூடினால் வெதுவெதுக்கும். அன்றோடு என் பேலட்டில் கறுப்பு இல்லை. வீட்டில் கறுப்பு ட்யூப் ஒன்று உண்டு, அதற்குப்பின் திறக்காமலேயே இறுகிவிட்டது.

அப்புறம் ஒரு மாலை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பொழுது சாய்கிற நேரம், வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. மின்சாரம் போய்விட்டது. மெழுகுவத்தி ஏற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கோப்பைக்கு இரண்டு நிழல். ஒன்று மெழுகுவத்தி போட்ட நிழல், இன்னொன்று ஜன்னல் போட்ட நிழல். ஒன்று நீலம். சும்மா நீலச் சாயல் இல்லை, நல்ல நீலம். மற்றது இளம் ஆரஞ்சு. நிழலுக்கு நிறமா? கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நீலமாத்தான் இருக்கு, நீ எதையாவது கொட்டினியா?” என்று விரலால் துடைத்துப் பார்த்தார்.

யோசித்தால் புரிந்துவிடும். மெழுகுவத்தி வெளிச்சம் எட்டாத இடம்தான் மெழுகுவத்தி போட்ட நிழல். அந்த இடத்துக்கு ஜன்னல் வெளிச்சம் வருகிறது, அது நீலம் கலந்தது. ஜன்னல் போட்ட நிழலுக்கோ மெழுகுவத்தியின் மஞ்சள் வெளிச்சம். சுற்றிலும் மஞ்சள் இருப்பதால் நடுவில் இருக்கிற நீலத்தைக் கண் இன்னும் தூக்கிக் காட்டுகிறது. ஜெர்மன் கவிஞர் கெதே 1810இல் நிறங்களைப் பற்றி எழுதியபோது இதே சோதனையைச் சொல்லியிருக்கிறார். அந்தி நேரம், வெள்ளைத் தாள், மெழுகுவத்தி, நடுவே ஒரு பென்சில். நீங்களும் இன்று சாயங்காலம் பாருங்கள், மஞ்சள் பல்பு இருந்தாலும் போதும். ஆனால் முழு இருட்டாவதற்குள் பார்க்க வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம்தான் அந்த நேரம். மறுபடியும் சொல்கிறேன்: வெள்ளைத் தாள், ஒரு பென்சில், ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு.

நிறத்துக்கு அக்கம்பக்கம் முக்கியம் என்பதற்கு இன்னொரு கதை. மிஷேல் ஷெவ்ரல் என்று ஒரு பிரெஞ்சு வேதியியலாளர். 102 வயது வரை இருந்தவர். பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக 1824இல் சேர்ந்தார். கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வருகிறது. நூலை எடுத்துச் சோதிக்கிறார், மற்ற இடங்களின் கறுப்போடு ஒப்பிடுகிறார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் பார்த்தால், கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் நெய்திருக்கிறார்கள். அந்தச் சகவாசம்தான் கறுப்பை வெளிறவைத்திருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் ஆராய்ந்து 1839இல் பெரிய புத்தகமே போட்டுவிட்டார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். சாயக்காரனைத் திட்டிவிட்டுப் போகாமல் உட்கார்ந்து பார்த்தாரே!

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிடமாம். வயதைப் பற்றியும், தாளைப் பற்றியும், பிரஷ்ஷைப் பற்றியும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி வந்திருந்தேன். ஓட்டமாகச் சொல்கிறேன்.

“இந்த வயசில் ஆரம்பிக்கலாமா” என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு பேர். ரவீந்திரநாத் தாகூர் கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளைக் கோலமாக இழுக்கப் போய் அறுபதுக்கு மேல் ஓவியர் ஆனார். 1930இல் பாரிஸில் கண்காட்சி நடந்தபோது எழுபதை நெருங்கிவிட்டார். அமெரிக்காவில் கிராண்ட்மா மோசஸ் என்ற பாட்டி, மூட்டுவலியால் ஊசி பிடித்துத் தையல் வேலை செய்ய முடியாமல் எழுபதுகளின் கடைசியில் பிரஷ்ஷைப் பிடித்தார். 101 வயது வரை இருந்தார்.

தாள். மலிவு வண்ணம் வாங்கலாம், மலிவுத் தாள் வாங்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும், ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை. ஜெராக்ஸ் தாள் 70, 80தான், தண்ணீர் பட்டால் அப்பளமாகிவிடும். இன்னொன்று, ஈரத்தில் இருக்கிற நிறம் காய்ந்தால் வெளிறும், அதனால் போடும்போதே ஒரு பங்கு அழுத்தமாகப் போடுங்கள்.

பிரஷ்ஷைத் தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தி வைக்காதீர்கள், முடி வளைந்துவிடும். கழுவி, நுனியை விரலால் கூராக்கி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். எண்ணெய் வண்ணத்துக்குப் பயன்படுத்துகிற ஆளியெண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். எண்ணெய் வண்ணக்காரர்களே, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒரு விரல் காட்டுகிறார்கள். கோப்பை என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போனால் தூக்கம் வராது. ஐந்தாம் வருஷத் தொடக்கத்தில் கழுவும்போது பிடி உடைந்துவிட்டது. மாமியார் இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார், முகம் வாடிப்போயிருந்தது. நான் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நான்கு வருஷமாக எனக்குச் சரியாக வராதது அந்தப் பிடி ஒன்றுதான். அடுத்த நாள் பார்த்தால் பிடியில்லாத கோப்பை அதே வட்டத்துக்குள் இருக்கிறது. பக்கத்துச் சின்னக் கோட்டை மட்டும் யாரோ ரப்பர் போட்டு அழித்திருந்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.