பாதாளக்கரண்டியும் ஒரு கப்பியும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிணற்றில் நீர் இறைத்த பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். இல்லாதவர்கள் வீட்டில் அம்மாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள். சித்திரையில் தண்ணீர் அடியில் கிடக்கும். வாளி நிறைந்து தாம்புக்கயிற்றை இழுக்க ஆரம்பித்தால், பாதி வரும்போதே தோள் கடுக்கும். ஆனால் நிறுத்த முடியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியாது. பிடி தளர்ந்தால் கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு போகும், உள்ளங்கை எரியும், வாளி தண்ணீரில் போய் விழும். சில நாள் கயிறும் சேர்ந்து போய்விடும்.

அப்புறம் என்ன, பாதாளக்கரண்டிதான். இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் இரும்பு வளையம், அதைச் சுற்றி வளைந்த கொக்கிகள். கயிற்றில் கட்டி உள்ளே விட்டுத் துழாவினால் விழுந்த பாத்திரம் மாட்டும். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. இரவல் வேண்டுமென்றால் ஒரு பித்தளைச் செம்பையாவது ஈடு வைக்க வேண்டும். துழாவுகிறவரைச் சுற்றித் தெருவே கூடி நிற்கும். ‘இந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம்’ என்று யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவிருக்காது. நம் வாளியைத் தேடப் போய், எப்போதோ காணாமல் போன அடுத்த வீட்டுக் குடம் மேலே வரும். அது எப்படி இங்கே வந்தது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். சரி, இதைப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் பாடம் நடத்தியவன். எனக்கு நெடுநாளாக ஓர் உறுத்தல் உண்டு. விழுந்த வாளியை எடுக்க இவ்வளவு அழகான கருவியைச் செய்த நம் கொல்லர், வாளி விழாமலிருக்கக் கப்பியில் ஒரு தடுப்பு ஏன் வைக்கவில்லை? அவருக்கு அது பெரிய வேலையே இல்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் தெரியும். வாளி போனால் வீட்டுக்குக் காசு நஷ்டம். அது வீட்டுப் பெரியவர் காதுக்குப் போகும், அவர் பட்டறைக்குப் போவார். தோள் கடுத்தால் அது இறைக்கிற பெண்ணோடு முடிந்துபோகும். பட்டறைக்குப் போகிறவர் நீர் இறைப்பதில்லை, இறைக்கிறவர் பட்டறைக்குப் போவதில்லை. இந்த வரியை இன்னும் ஒரு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தடுப்பைக் கப்பியில் வைத்தவர் ஒருவர் இருக்கிறார். குஜராத்தில் ஜூனாகத் மாவட்டம், பிக்கோர் கிராமம், அம்ருத்பாய் அக்ராவத். எருவைச் சாய்த்துக் கொட்டுகிற மாட்டுவண்டியைச் செய்தவரும் அவர்தான். அவருடைய கப்பியில் கயிறு மேலே வரும்போது தடையில்லாமல் வரும். கை தளர்ந்து கயிறு பின்னால் நழுவப் பார்த்தால் ஒரு சின்னத் தடுப்பு அதைப் பிடித்து நிறுத்திவிடும். வாளி பாதிக் கிணற்றில் அப்படியே நிற்கும். மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அழுகிற பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். இதில் மின்சாரமும் கிடையாது, மோட்டாரும் கிடையாது.

இப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து வெளியே காட்டியதில் ஆமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த அனில் குப்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1980களின் இறுதியில் ‘ஹனி பீ நெட்வொர்க்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1998 முதல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தே போயிருக்கிறார். மக்களின் கண்டுபிடிப்புகளை அவர்களிடம் கேட்டு எழுதினால், எழுதியதை அவர்கள் மொழியிலேயே அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் மதுரையிலிருந்து தமிழிலும் அப்படி ஓர் இதழ் வெளியானது.

கோயம்புத்தூர் முருகானந்தத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டு, மலிவாக நாப்கின் செய்யக் கிளம்பியவர். அது எப்படி இருக்கிறது என்று பெண்கள் வாய் திறந்து சொல்லத் தயங்கியதும், பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பிக்கொண்டு நாப்கினைத் தானே அணிந்து நடந்தார். ஊர் சிரித்தது. ஆனால் என் கணக்கில், பட்டறைக்காரரே கிணற்றடிக்கு வந்து கயிற்றைப் பிடித்துப் பார்த்த கதை அது.

இனி நைஜீரியாவுக்குப் போவோம். வட நைஜீரியா வறண்ட பூமி. மின்சாரம் இல்லாத கிராமங்கள், பறித்த காய்கறி இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அதனால் சிறுமிகள் தினமும் கூடையோடு விற்கப் போக வேண்டும். பள்ளிக்கூடம் எங்கே போவது? முகமது பா அப்பா என்ற ஆசிரியர், பானை வனைகிற குடும்பத்தில் பிறந்தவர், 1995ல் ஒரு வழி செய்தார். பெரிய பானைக்குள் சின்னப் பானை. இடையில் மணல், மணலில் தண்ணீர், மேலே ஈரத்துணி. அவ்வளவுதான். வெளிப்பானை வழியாக ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மூன்று நாளில் கெடுகிற கத்தரிக்காய் 27 நாள் நின்றது. 2000ல் ரோலெக்ஸ் கடிகார நிறுவனத்தின் விருது கிடைத்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு எப்படி விளக்குவது என்று பார்த்தார். உள்ளூர் நடிகர்களை வைத்து ஒரு நாடகத்தைப் படம் பிடித்து, ராத்திரியில் துணித்திரை கட்டிப் போட்டுக் காட்டினார். எனக்கு அந்தப் பானையைவிட இந்த யோசனைதான் அதிகம் பிடித்தது.

‘எங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீரும் இப்படித்தானே குளிர்கிறது’ என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது. ஆமாம், அதேதான். ஆனால் ஒன்று, காற்று வறண்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் கொடியில் துணி காய்வதில்லை அல்லவா? அன்றைக்கு இந்தப் பானையும் குளிராது. அதனால் சென்னைக் கடற்கரைப் பக்கம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பங்குனி, சித்திரையில் விருதுநகர், வேலூர்ப் பக்கத்தில் செய்து பார்க்கலாம். மெருகு பூசாத பானையாக வாங்குங்கள், காற்றோட்டமான நிழலில் வையுங்கள், காலையும் மாலையும் மணலை நனையுங்கள். சிமென்ட் தொட்டியில் செய்துவிட்டுக் குளிரவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் விரலைக் காட்டுகிறார். தென்னை மரம் ஏறும் கருவியைப் பற்றி நிறையப் பேச வேண்டுமென்று வைத்திருந்தேன். கேரளத்தில் கண்ணூர் மாவட்டம், செம்பேரி ஜோசப் என்ற விவசாயி செய்தது. மரத்தைக் கட்டிப்பிடித்து மார்பைத் தேய்த்துக்கொள்ளாமல், காலை மாற்றி மாற்றி வைத்து மேலே போகலாம். பெண்களும் ஏறுகிறார்கள். பட்டறைக்குப் போகிறவர், இறைக்கிறவர் என்று சொன்னேனே, இங்கே மரம் வைத்திருக்கிறவரே பட்டறையிலும் இறங்கிவிட்டார். தென்னை வளர்ச்சி வாரியம் ஏறுவதற்குப் பயிற்சி தந்திருக்கிறது. தோப்பு வைத்திருப்பவர்கள் அங்கே விசாரித்துப் பாருங்கள், வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வணக்கம்.